மோசடி அம்பலமான பிறகு ஒரு மனைக் கம்பெனி என்ன ஆகும்... தெரியுமா?

பூதிகோட்டை! கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில், பங்காருப்பேட்டையைத் தாண்டிப் போனால் வரும் சின்ன ஊர். ஆனால் மைசூர் அரசையே கைக்குள் கொண்டுவந்த ஹைதர் அலி பிறந்த மண் அதுதான், தெரியுமா? இன்றைக்கு அந்த வட்டாரத்தில் டீக்கடையில் நின்றாலும் காதில் விழுவது 'சைட்' பேச்சு, அதாவது மனைப் பேச்சு. பெங்களூரு - சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி மாலூர், பங்காருப்பேட்டை, தங்கவயல் சுற்றுவட்டாரத்தை ஒட்டித்தான் போகிறது. சாலை வருவதற்கு முன்பே விலை வந்துவிடும். விலைக்கு முன்பே புரோக்கர் வந்துவிடுவார்!

சைட் வாங்குவது நல்ல காரியம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுத்தான் நம் ஜனங்கள் வாங்குகிறார்கள். அதனால்தான் ஒரு கேள்வி அடித்துக்கொள்கிறது. பணத்தை வாங்கிய கம்பெனி மோசடியில் சிக்கிக் கவிழ்ந்துவிட்டால் பிறகு என்ன நடக்கும்? 'அவ்வளவுதான், எல்லாம் போச்சு' என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் உண்மை என்ன தெரியுமா? பல கம்பெனிகளின் கதை அம்பலமான அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது! சில பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்தன. சிலவற்றை அரசாங்கமே எடுத்து நடத்தியது. ஒன்று திமிங்கிலம் பிடிக்கவே போனது! படித்துப் பாருங்கள்.

தங்கவயலே ஒரு பங்குக் காய்ச்சலில் தப்பிப் பிழைத்ததுதான், தெரியுமா?

மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் 1875-ல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கிக் கோலார் மண்ணைத் தோண்டப் பார்த்தார். பெங்களூரில் இருக்கும் லாவெல் ரோடு அவர் பெயரைத் தாங்கியதுதான்! 1879 முதல் 1881 வரை லண்டனில் 'இந்தியத் தங்கம்' என்ற பேச்சுக்கே பணம் கொட்டியது. வயநாடு மலைப்பக்கம், இன்றைய நீலகிரியின் தேவாலா, பந்தலூர் வட்டாரத்தில், காபித் தோட்டங்களைத் தங்கம் இருக்கிறது என்று சொல்லிப் பல மடங்கு விலைக்குக் கம்பெனிகளின் தலையில் கட்டினார்கள். பணம் போட்டவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது காடும் கல்லும்தான்.

அதே அலையில், 1880-ல், கோலாரில் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனியும் பிறந்தது. இது மோசடிக் கம்பெனி இல்லை. ஆனால் போட்ட பணம் கரைந்துகொண்டே போக, இதையும் இழுத்து மூடிவிடலாம் என்ற நிலைமை வந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் பிளம்மர் என்ற சுரங்கத் தலைவர் விடாப்பிடியாகப் பழைய குழிகளுக்குக் கீழே தோண்டினார். அங்கேதான் கிடைத்தது உலகப் புகழ்பெற்ற சாம்பியன் தங்க ரேகை! ஜான் டெய்லர் கம்பெனியின் கையில் அது வளர்ந்து 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்படும்வரை சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. அதைத் தோண்டியெடுத்த கைகளில் பெரும்பாலானவை வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்களின் கைகள்!

ஒரே காய்ச்சல், ஒரே லண்டன் பணம், இரண்டு இடங்கள். ஒன்றில் மண்ணுக்குக் கீழே சரக்கு இருந்தது, இன்னொன்றில் இல்லை. கம்பெனி தடுமாறினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: கீழே சொத்து இருக்கிறதா?

மோசடிக்குப் பிறகு 130 ஆண்டு வாழ்ந்த கம்பெனி, தெரியுமா?

இங்கிலாந்தின் தென்கடல் கம்பெனி 1711-ல் தொடங்கியது. 1720-ன் தொடக்கத்தில் 130 பவுண்டுக்குள் இருந்த பங்கு அந்தக் கோடையில் 1,000 பவுண்டைத் தொட்டது. ஆண்டு முடிவதற்குள் சீட்டுக்கட்டு சரிந்தது. புவியீர்ப்பைக் கணக்குப் போட்ட நியூட்டனே இதில் பணத்தை விட்டார்! நாடாளுமன்றம் இயக்குநர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்து நஷ்டப்பட்டவர்களுக்குத் திருப்பிவிட்டது. அந்த இயக்குநர்களில் ஒருவர், ரோமப் பேரரசின் வரலாற்றை எழுதிய எட்வர்ட் கிப்பனின் தாத்தா. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்த அவருடைய சொத்தில் அவருக்கு விட்டுவைத்தது 10,000 பவுண்டு.

அத்தோடு கம்பெனி செத்ததா? இல்லவே இல்லை! 1725-லிருந்து கிரீன்லாந்துக் கடலுக்குத் திமிங்கிலம் பிடிக்கக் கப்பல் அனுப்பியது. எட்டு பருவம் அனுப்பி எட்டிலும் நஷ்டம்தான் மிச்சம். அரசுக் கடனை நிர்வகிக்கும் அலுவலகமாகச் சுருங்கி 1850-கள் வரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மோசடி செய்தவர்களின் சொந்தச் சொத்தைப் பறித்து நஷ்ட ஈடு கொடுக்கும் வழி 300 வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது, பாருங்கள்!

இல்லாத நாட்டில் மனை விற்றார்கள், தெரியுமா?

கிரெகர் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820-களின் தொடக்கத்தில் லண்டனில் வந்து இறங்கி, மத்திய அமெரிக்காவில் 'போயாய்ஸ்' என்ற நாட்டுக்கு நான்தான் அரசன் என்றார். ஏக்கர் இரண்டு, மூன்று ஷில்லிங் என்று நிலம் விற்றார். 2 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார். 350 பக்கத்துக்கு மேல் ஒரு வழிகாட்டி நூல், அந்த நாட்டுப் பணத்தாள், தலைநகரின் வர்ணனை எல்லாம் தயார்! சுமார் 250 பேர் இரண்டு கப்பல்களில் போனார்கள். இறங்கிப் பார்த்தால் கொசுவும் சதுப்பும்தான். பாதிப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு.

இத்தனைக்கும் பிறகு அந்த மனிதர் பாரிஸ் போய் அதே நிலத்தை மறுபடி விற்றார். பிரெஞ்சு நீதிமன்றம் விடுதலை செய்தது. திரும்பி வந்து 1830-களிலும் விற்றார்! 1845-ல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் ராணுவ மரியாதையோடு அடக்கமானார். பறிகொடுத்தவர்களுக்கு ஒரு காசு வரவில்லை. ஏன் தெரியுமா? மீட்பதற்கு அங்கே விற்கக்கூடிய சொத்தே இல்லை!

போன்சியே ரியல் எஸ்டேட்டுக்கு வந்தார், தெரியுமா?

'போன்சி திட்டம்' என்ற பெயர் உலகமெங்கும் புழங்கக் காரணமான சார்லஸ் போன்சி, 1920-ல் பாஸ்டனில் தபால் கூப்பனை வைத்து 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லிக் கவிழ்ந்தார். ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர் நேராகப் புளோரிடாவுக்குப் போய் 1925-ல் நிலக் கம்பெனி ஆரம்பித்தார். இம்முறை 60 நாளில் 200 சதவீதம்! மனைகளில் சில தண்ணீருக்கு அடியில் இருந்தன. 1926-ல் அங்கேயும் தண்டனை வாங்கினார். ஆள் மாறவில்லை, திட்டம் மாறவில்லை, சரக்கு மட்டும் தபால் கூப்பனிலிருந்து மனையாக மாறியது!

கம்பெனி போனது, ஊர் நின்றது!

அதே புளோரிடாவில் 1950-களில் ஜெனரல் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் 10 டாலர் முன்பணம், மாதம் 10 டாலர் தவணை என்று மனை விற்றது. 1990-ல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த சில வாரங்களிலேயே திவால் மனு போட்டது. 1992-ல் அட்லாண்டிக் கல்ஃப் கம்யூனிட்டிஸ் என்று புதுப் பெயரோடு எழுந்தது. பத்து வருஷத்துக்குள் அதுவும் திவால்! ஆனால் அது போட்ட மனைப்பிரிவுகளில் ஒன்றான போர்ட் செயின்ட் லூசி இன்றைக்குப் பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பில் அங்கே மக்கள்தொகை 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கம்பெனிக்கு வந்த கதி வேறு, நிலத்துக்கு வந்த கதி வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கையிலிருக்கும் பத்திரத்தை யாரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது!

இப்போது நம் பக்கம். சத்யத்தைக் கவிழ்த்தது கம்ப்யூட்டர் இல்லை, மனை... தெரியுமா?

ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கென்று 'தங்க மயில்' விருது வாங்கிய கம்பெனி! மூன்றே மாதம். டிசம்பர் 16-ல் அதன் இயக்குநர் குழு ஒரு முடிவெடுத்தது: தலைவர் ராமலிங்க ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா இரண்டையும் 160 கோடி டாலருக்கு வாங்குவது! ஒன்று மனையும் வீடும் விற்கும் கம்பெனி, இன்னொன்று கட்டுமானக் கம்பெனி. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மனை எதற்கு என்று முதலீட்டாளர்கள் கொதித்தார்கள். நியூயார்க் சந்தையில் பங்கு பாதிக்கு மேல் விழுந்தது. ஒரே இரவில் முடிவு வாபஸ்!

2009 ஜனவரி 7. ராஜுவின் கடிதம் வெளியே வந்தது. கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! போலி பில்கள் மட்டும் 7,500-க்கும் மேல் இருந்ததைப் பிறகு விசாரணையில் எடுத்தார்கள். அந்தக் கடிதத்தை நிதானமாகப் படித்தால் ஓரிடத்தில் நெஞ்சு நின்றுவிடும். மேட்டாஸை வாங்க நினைத்தது, இல்லாத பணத்தின் இடத்தில் இருக்கும் நிலத்தை வைத்து நிரப்பும் கடைசி முயற்சி என்று அவரே எழுதியிருந்தார். குடும்பமும் சார்ந்தவர்களும் 300-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கம்பெனிகளின் பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வாங்கியிருந்ததைப் புலனாய்வு வெளிக்கொண்டுவந்தது.

மெட்ரோ மனிதர் முன்கூட்டியே சொன்னார், தெரியுமா?

ஹைதராபாத் மெட்ரோ ரயிலைக் கட்ட 2008-ல் டெண்டர் எடுத்தது மேட்டாஸ் தலைமையிலான குழு. மற்றவர்கள் 'அரசு மானியம் கொடுத்தால் கட்டுகிறோம்' என்றார்கள். மேட்டாஸோ, 'நாங்களே அரசுக்கு 30,311 கோடி ரூபாய் தருகிறோம்' என்றது! டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரன் அந்தச் செப்டம்பரிலேயே திட்டக் கமிஷனுக்குக் கடிதம் எழுதினார்: இந்தக் கணக்கு ரயிலை வைத்துப் போட்டதில்லை, பாதையை ஒட்டிய நிலத்தை வைத்துப் போட்டது என்று! அவர் மேல் மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்று மிரட்டல்தான் வந்தது. நான்கே மாதத்தில் சத்யம் கவிழ்ந்தது. 2009-ல் ஒப்பந்தம் ரத்து. பிறகு எல் அண்ட் டி கைக்குப் போய், 2017 நவம்பரில் ரயில் ஓடியது.

மூழ்கும் கப்பலைக் காப்பாற்ற வந்த கப்பலும் மூழ்கியது, தெரியுமா?

சத்யத்தை டெக் மஹிந்திரா 2009 ஏப்ரலில் வாங்கியது ஊரறிந்த கதை. மேட்டாஸ் என்ன ஆனது? அதுதான் பலருக்குத் தெரியாது!

மேட்டாஸ் இன்ஃப்ராவில் அரசு தன் சார்பில் இயக்குநர்களை உட்கார வைத்தது. அந்த ஆகஸ்டிலேயே உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல்.எஃப்.எஸ். குழுமம் உள்ளே வந்தது. கம்பெனிக்கு ஐ.எல்.எஃப்.எஸ். இன்ஜினியரிங் என்று புதுப் பெயர். மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸில் பிரச்சினை இன்னும் பெரிது. ஹைதராபாத் பாச்சுப்பள்ளியில் 'ஹில் கவுன்டி' என்ற பிரம்மாண்டக் குடியிருப்பு பாதியில் நின்றது. பணம் கட்டியவர்கள் வீட்டு வாடகையையும் வங்கித் தவணையையும் சேர்த்துச் சுமந்தார்கள். தனித்தனியாக அழவில்லை, சங்கமாகத் திரண்டார்கள். 2011-ல் கம்பெனி சட்ட வாரியத்தின் உத்தரவோடு அதையும் ஐ.எல்.எஃப்.எஸ். எடுத்தது. கம்பெனியின் பெயரே ஹில் கவுன்டி பிராப்பர்ட்டீஸ் என்று மாறியது!

இங்கேதான் மயிர்க்கூச்செறியும் திருப்பம்! காப்பாற்ற வந்த அதே ஐ.எல்.எஃப்.எஸ். 2018-ல் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன், 300-க்கும் மேற்பட்ட துணைக் கம்பெனிகள்! அக்டோபர் 1-ஆம் தேதி மத்திய அரசு அதன் இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு உதய் கோடக் தலைமையில் புதுக் குழுவை உட்கார வைத்தது. இப்படி ஒரு பெரிய தனியார் குழுமத்தின் நிர்வாகத்தை அரசு கையில் எடுத்தது அதற்கு முன் எப்போது தெரியுமா? 2009-ல், சத்யத்தில்! ஒரே கதையில் ஒரே மருந்து இரண்டு முறை.

இதில் நமக்கு என்ன செய்தி? கைமாறிவிட்டது, பெரிய பெயர் வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. புதியவரின் கணக்கையும் கேட்க வேண்டும்.

127 லாரி நிறையக் காகிதம், தெரியுமா?

சஹாரா இந்தியா ரியல் எஸ்டேட் கார்ப்பரேஷன்! பெயரிலேயே ரியல் எஸ்டேட். அந்தக் குழுமத்தின் இன்னொரு மனைக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வர, சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் 2009-ல் போட்ட மனுவிலிருந்துதான் நூல் பிடித்தார்கள். சுமார் 3 கோடிப் பேரிடம் 24,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்தது தெரிந்தது. செபியின் கே.எம்.ஆபிரகாம் 2011-ல் உத்தரவு போட்டார். 2012 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் 15 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடு என்றது. முதலீட்டாளர் விவரம் கேட்டால் சஹாரா என்ன செய்தது தெரியுமா? 127 லாரிகளில் 31,000-க்கும் மேற்பட்ட அட்டைப்பெட்டிகளை செபிக்கு அனுப்பியது!

சஹாரா தலைவர் சுப்ரதா ராய் 2014-ல் திகார் சிறைக்குப் போனார். வெளிநாட்டு ஓட்டல்களை விற்றுப் பணம் கட்டுவதற்காகச் சிறைக்குள்ளேயே ஒரு கூட்ட அறை, இணைய வசதியோடு ஒதுக்கினார்கள்! செபியின் கணக்கில் 20,000 கோடிக்கு மேல் சேர்ந்தது. ஆனால் பத்து வருஷத்தில் அதன் வழியாகத் திரும்பிப் போனது எவ்வளவு? சுமார் 138 கோடி! காரணம், சரியான காகிதத்தோடு கேட்டு வந்தவர்கள் அவ்வளவு பேர்தான். சஹாராவின் கூட்டுறவுச் சங்கங்களில் பணம் போட்டவர்களுக்காக அந்தக் கணக்கிலிருந்து 5,000 கோடியை எடுக்க 2023-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஜூலை 18-ல் அதற்கென்று இணையதளம் திறந்தார்கள்.

ஒரு மாநிலத்து மக்கள்தொகை அளவுக்கு முதலீட்டாளர்கள், தெரியுமா?

2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்தின் மொத்த மக்கள்தொகை 6 கோடியே 11 லட்சம். பி.ஏ.சி.எல். என்ற ஒரே கம்பெனியில் பணம் போட்டவர்கள் 5 கோடியே 85 லட்சம்! திரட்டியது 49,100 கோடி ரூபாய்! தமிழ்நாட்டிலும் அதற்குப் பணம் கட்டியவர்கள் ஏராளம்.

எப்படி நடந்தது? மாதத் தவணை கட்டுங்கள், இத்தனை சதுர கஜம் விவசாய நிலம் உங்கள் பெயரில் 'ஒதுக்கீடு' என்றார்கள். ஊர்க்கார ஏஜென்ட், தெரிந்த முகம், அழகான சான்றிதழ். எந்த சர்வே எண், எந்த ஊர் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பதிவு அலுவலகத்துப் படியை அவர்கள் ஏறவே இல்லை. செபி 1999-லேயே கேள்வி கேட்டது. 'இது நில வியாபாரம், கூட்டு முதலீடு இல்லை' என்று கம்பெனி நீதிமன்றம் போனது. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செபியின் பக்கம் சொல்லும்வரை வசூல் நடந்துகொண்டே இருந்தது! ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் கடற்கரை ஓட்டல்கூட அந்தக் குழுமம் வாங்கியிருந்தது.

2016-ல் முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. நிலங்களை விற்று மக்களுக்குக் கொடுக்கும் வேலை அதற்கு. சின்னத் தொகைக்காரர்களுக்கே முதலில் என்று படிப்படியாகப் போய், சுமார் 20 லட்சம் பேருக்கு ஆயிரம் கோடி ரூபாய் அளவில் திரும்பியது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: அசல் சான்றிதழை அனுப்புங்கள். அலமாரியில் சேலைக்கு அடியில் மடித்து வைத்த காகிதத்தைத் தேட வேண்டும். பான் அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்து வேறு என்றால் மனு நின்றுவிடும். வேலைக்காரம்மாவும் பென்ஷன்காரரும் ஓர் எழுத்துப் பிழைக்காக அலைவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு ரூபாய்க்குச் சதுர அடி, தெரியுமா?

டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் அம்ராபாலி குழுமம் 42,000 பேருக்கு மேல் வீடு தருவதாகப் பணம் வாங்கியது. நம் தோனிதான் விளம்பரத் தூதர்! வீடு கிடைக்காதவர்கள் அவரிடம் இணையத்தில் முறையிட, 2016 ஏப்ரலில் அவர் விலகினார். உச்ச நீதிமன்றம் நியமித்த தணிக்கையாளர்கள் கணக்கைத் தோண்டினார்கள். தெரிந்தது என்ன தெரியுமா? வேண்டியவர்களுக்குச் சதுர அடி ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பதினொரு ரூபாய் என்று வீடுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்! ஆபீஸ் பையன், பியூன், டிரைவர் பெயர்களில் கம்பெனிகள் ஆரம்பித்து அவற்றின் வழியாகப் பணத்தைக் கடத்தியிருக்கிறார்கள்!

2019 ஜூலை 23-ல் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, யு.யு.லலித் கொடுத்த தீர்ப்பு ஒரு மைல்கல். குழுமத்தின் பதிவு ரத்து, நிலக் குத்தகை ரத்து. மீதிக் கட்டடத்தை மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி. கட்டித் தர வேண்டும். நொய்டா ஆணையமோ வங்கியோ தங்கள் பாக்கிக்காக வீடு வாங்கியவர்களின் வீட்டில் கை வைக்க முடியாது! சொத்துகளைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளர் யார் தெரியுமா? புதுச்சேரியில் பிறந்த மூத்த வழக்கறிஞர் ஆர்.வெங்கடரமணி! 2022-ல் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனவரும் அவர்தான். நின்றுபோன கட்டடங்களில் மறுபடி கலவை இயந்திரம் ஓடியது, ஆயிரக்கணக்கானவர்கள் சாவி வாங்கினார்கள்.

ஜெயிலுக்கு வெளியே பாதாள ஆபீஸ், தெரியுமா?

1970-களின் தொடக்கத்தில் பிறந்த யூனிடெக், ஒரு காலத்தில் நாட்டின் முன்னணி வீட்டுக் கம்பெனிகளில் ஒன்று. வீடு வாங்கியவர்களின் பணம் வேறு பக்கம் போன வழக்கில் உரிமையாளர்களான சந்திரா சகோதரர்கள் திகார் சிறைக்குப் போனார்கள். அங்கிருந்தபடியே டெல்லியில் ஒரு ரகசியப் பாதாள அலுவலகத்தை இயக்கினார்கள் என்று அமலாக்கத் துறை 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது! உடனே இருவரையும் மும்பைச் சிறைகளுக்கு மாற்ற உத்தரவு. அதற்கு முன்பே, 2020 ஜனவரி 20-ல், கம்பெனியின் நிர்வாகம் மத்திய அரசு நியமித்த குழுவின் கைக்கு வந்திருந்தது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி யுத்வீர் சிங் மாலிக் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார்.

நாட்டுக்கே வழிகாட்டிய சட்டம் சென்னையில் பிறந்தது, தெரியுமா?

1990-களில் 24 சதவீதம், 36 சதவீதம் வட்டி என்று தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்து, ஒவ்வொன்றாக ஷட்டரை இழுத்தன. தேக்கு மரம் வளர்த்துத் தருகிறேன் என்று பணம் வாங்கிய சென்னை அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-ல் கவிழ்ந்ததை நம் பெற்றோர் மறக்கவே மாட்டார்கள். நிதி நிறுவனங்களில் பணத்தை விட்டவர்களின் கண்ணீரிலிருந்து பிறந்ததுதான் 1997-ன் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், சுருக்கமாக 'டான்பிட்'. கம்பெனியின் சொத்தோடு, அந்தப் பணத்தில் வேறு பெயரில் வாங்கிய சொத்தையும் முடக்கலாம், ஏலம் போடலாம், பங்கு பிரித்துக் கொடுக்கலாம்! இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. கர்நாடகம் 2004-ல் இதே வகையில் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. மதுரை நியோமேக்ஸ் மனைக் கம்பெனி மேல் 2023-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போட்ட வழக்கும் இந்த டான்பிட் சட்டத்தின் கீழ்தான்.

மனை, வீட்டு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் 2016-ன் ரெரா சட்டம் இன்னொரு பூட்டு. வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். 2018-ல் திவால் சட்டத்தைத் திருத்தி, வீடு வாங்கியவர்களுக்கும் வங்கிகளைப் போலவே கடன் கொடுத்தவர் என்ற இடத்தைக் கொடுத்தார்கள். அதாவது கம்பெனியை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு!

சரி, நாம் என்ன செய்ய வேண்டும் தெரியுமா?

இத்தனை கதைகளையும் அடுக்கிப் பாருங்கள். பணம் திரும்பிய இடங்களில் மூன்று விஷயம் இருந்திருக்கிறது: மண்ணில் நிஜமான நிலம், கையில் நிஜமான காகிதம், சேர்ந்து நின்ற ஜனங்கள். இதில் ஒன்று குறைந்த இடத்திலெல்லாம் காத்திருப்பு நீண்டது, அல்லது ஒன்றுமே வரவில்லை.

அதனால் பூதிகோட்டைப் பக்கமோ ஓசூர்ப் பக்கமோ சைட் பார்க்கப் போனால் வளைவையும் கொடியையும் பார்த்து மயங்காதீர்கள். சர்வே எண்ணைக் கேளுங்கள். கர்நாடகம் என்றால் பஹணி, விவசாய நிலத்தை மாற்றிய டி.சி. உத்தரவு, இ-காத்தா. தமிழ்நாடு என்றால் பட்டா, மூலப்பத்திரம், மனைப்பிரிவு அங்கீகாரம். இரண்டு பக்கமும் வில்லங்கச் சான்று, ரெரா எண். 'ஒதுக்கீடு' என்ற காகிதம் பத்திரம் ஆகாது. நிலமும் தருகிறேன், மாதா மாதம் வட்டியும் தருகிறேன் என்றால் அது மனை வியாபாரமே இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்!

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களா? வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். ஏமாற்றியவர்தான் தலைகுனிய வேண்டும், நீங்கள் இல்லை. ரசீது, சான்றிதழ், வங்கிச் சீட்டு எதையும் தொலைக்காமல் நகல் எடுத்து வையுங்கள். ஆதார், பான், ரசீது மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் சொத்து கைமாறுவதற்கு முன் முடக்கினால்தான் அதில் பங்கு கிடைக்கும். அலைய முடியாத, படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அம்மாவின் மனுவையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, சங்கம் அமையுங்கள். ஹில் கவுன்டியிலும் நொய்டாவிலும் தனியாள் குரல் எங்கேயும் எட்டவில்லை, சேர்ந்த குரல் கம்பெனி சட்ட வாரியத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் எட்டியது. உங்கள் லேஅவுட்டில் பணம் கட்டியவர்களின் பட்டியலை எடுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள்!